பேக்டிராப்புக்குப் பின்னாடி ஒரு கட்டில்

ஒரு விஷயம் மாசிக் கல்யாணத்துல இருந்து உறுத்திக்கிட்டே இருக்கு. யார்கிட்ட சொன்னாலும் "இதுல என்ன இருக்கு, உன் வேலைய நீ ஒழுங்காத்தான பாத்த"ங்குறாங்க. ஒழுங்காத்தான் பாத்தேன். காசும் முழுசா குடுத்துட்டாங்க, போட்டோவுக்கு லைக்கும் வந்துச்சு, அதப் பாத்து இன்னும் ரெண்டு ஆர்டர் வந்துச்சு. அப்புறம் என்ன கேடுன்னு என்னையவே கேட்டுப் பாத்தாச்சு, அடங்க மாட்டேங்குது, அதான் எழுதிப் போட்டுரலாம்னு.

நான் ரங்கூன்ல சின்னச் சின்னக் கல்யாணத்துக்கு டெக்கரேசன் பண்றவ. யாங்கோன்னு சொல்லணும், வாய் வர மாட்டேங்குது. நாப்பது பேரு, அம்பது பேரு, மிஞ்சிப்போனா எண்பது. மண்டபம் பிடிச்சு முன்னூறு இலை போட்ட காலத்துல எங்க சித்தப்பாகூட நின்னு மாவிலை கட்டியிருக்கேன், அது வேற கணக்கு. 2020ல கொரோனா, 2021ல ராணுவம் ஆட்சியப் பிடிச்சதுல இருந்து நடக்குறதெல்லாம் உங்களுக்கே தெரியும், ராத்திரி ரிசப்சன்ங்கிற பேச்சே போயிருச்சு, பெட்ரோல் விலைக்கு வெளியூர்ல இருந்து சனம் வராது. அப்படித்தான் கல்யாணம் வீட்டுக்குள்ள வந்துச்சு. வெளிநாட்டுல சின்னக் கல்யாணம் பேஷன்ங்குறாங்க, எங்களுக்கு அது வேற வழி இல்லாம வந்தது, அப்புறம் நாங்களும் அதுக்கு ஒரு அழகு கண்டுபிடிச்சுக்கிட்டோம். அந்த அழகுல எனக்கும் ஒரு பங்கு இருக்குன்னு கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்துச்சு.

மாசியில நடந்த கல்யாணத்துல பொண்ணு நம்ம புள்ள, மாப்பிள்ளை பத்தீன் பக்கத்து பர்மாக்காரப் பையன். ரெண்டு பேரும் ஒரே ஆபீசு. தேதி குறிக்கவே பாடாய்ப் போச்சு, எங்காளுங்களுக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது, அவங்களுக்குப் பர்மா மாசக் கணக்குல வாசோ பௌர்ணமியில இருந்து தடிங்குட் பௌர்ணமி வரைக்கும் மூணு மாசம் கல்யாணமே கிடையாது, அதுல ஆவணியும் புரட்டாசியும் சேந்து அடிபட்டுப் போயிரும். மிச்சம் இருக்கிறதுல ஐயரும் ஒத்துக்கணும், மாப்பிள்ளையோட அம்மாவும் ஒத்துக்கணும். கடைசில மாசியில ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, ஒம்போதுல இருந்து பத்தரை வரைக்கும் முகூர்த்தம்னு முடிவாச்சு. எடம் பொண்ணு வீடு. டவுன்ல, அனோரத்தா ரோட்டுக்குக் கீழ ஒரு தெருவுல, மூணாவது மாடி.

## பன்னெண்டரைக்கு அம்பது

டவுன்ல இருக்கிறவங்களுக்கு இந்த அளவச் சொன்னாலே போதும். பன்னெண்டரை அடி அகலம், அம்பது அடி நீளம். ரயில் பெட்டி மாதிரி. தெருப் பக்கம் வராண்டா, அங்க மட்டுந்தான் வெளிச்சம், உள்ள போகப் போக இருட்டு, கடைசில அடுப்படி, கக்கூசு. லிப்ட் கிடையாது. படிக்கட்டு செங்குத்தா இருக்கும், எதுக்க ஒருத்தர் வந்தா சுவரோட ஒட்டிக்கணும். ஒரு எட்டடி மூங்கிலத் தூக்கிட்டு அந்தப் படியில திரும்பிப் பாருங்க, அப்பத் தெரியும் இந்தத் தொழிலோட அருமை.

பேப்பரும் பால் பாக்கெட்டும் ஏத்துறதுக்கு ஒவ்வொரு வராண்டாவுலயும் ஒரு கயிறு தொங்கும்ல, நுனியில கிளிப்பு மாட்டி, சில வீட்டுல மணியும் கட்டி, அந்தக் கயிறு எங்களுக்குப் பாதி வேலைய முடிச்சுக் குடுத்துச்சு. பூக்கூடை, துணி மூட்டை, சரவிளக்கு எல்லாம் கயித்துலயே ஏறுச்சு. மூங்கில மட்டும் தனியா தாம்புக்கயிறு கட்டி வெளிப்பக்கமா தூக்கினோம், கீழ டீக்கடையில இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னாங்க.

பொண்ணுக்கு என்ன வேணும்னு அவ தெளிவா வச்சிருந்தா. பின்டரெஸ்ட்ல இருந்து அறுவது எழுவது படம். வெளிர் கலரு, காஞ்ச புல்லு, வெள்ளைத் துணி, நடுவுல வட்டமா ஒரு வளையம். இதே படத்த எனக்கு அனுப்பாத பொண்ணே கிடையாது. பம்பாஸ் புல்லு இங்க யாரு விக்கிறா, ஐப்பசியில ஆத்தோரம் பூக்குற நாணல வெட்டித் தலைகீழாக் காயப் போட்டு முடிக்கு அடிக்கிற ஸ்பிரேய அடிச்சு வச்சிருப்பேன், அதுதான் என்னோட பம்பாஸ். உதிராது. ஆனா ஓமம் வளர்க்கிற எடத்துல காஞ்ச புல்லும் நைலான் வலைத்துணியும் பக்கத்துல வச்சோம்னா பொறி ஒண்ணு போதும். நைலான் எரியுறதுகூடப் பரவாயில்ல, உருகிச் சொட்டும், மேல பட்டா தோலோட வரும். அதனால அக்கினிக்குப் பக்கத்துல பருத்தித் துணி மட்டுந்தான், ஓமகுண்டத்துக்குக் கீழ ஒரு தகரத் தட்டுல மண்ணு, அதுக்கும் துணிக்கும் நடுவுல நாலடி இடைவெளி. பன்னெண்டரை அடி அகலத்துல இதுக்கெல்லாம் எடம் விட்டா மனுசங்க நிக்க எடம் கிடையாது, அது வேற விஷயம்.

மாப்பிள்ளை ஊரு பத்தீன்ங்கிறதால குடை வைக்கலாம்னு சொன்னது நான்தான். பத்தீன் குடை பாத்திருப்பீங்க, மூங்கில் கம்பி, பருத்தித் துணி, துணி மேல பூப்பூவா கையால வரைஞ்சது, மழைத் தண்ணி இறங்காம இருக்க ஒரு காயோட சாறு பூசுவாங்க. பதினோரு குடை வாங்குனோம். அதைப் பேக்டிராப் மேல, அதாவது மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னாடி கட்டுற துணிச் சுவரு மேல, பூப்போட்ட பக்கம் கேமராவப் பாத்தாப்புல, பெருசும் சிறுசுமா கட்டுனோம். மேல தோரணத்துல மாவிலை ஒண்ணு, அவங்க சாமிக்கு வைக்கிற தபியே தழை ஒண்ணு, மாத்தி மாத்தி. தபியே நம்ம நாவல் சாதிதான், வெற்றிக்குன்னு வைப்பாங்க. மாப்பிள்ளையோட அம்மா அதைத் தொட்டுப் பாத்துட்டு என் தோளத் தட்டுனாங்க. அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்குனேன்.

## கேமராவுக்காக ஒரு சுவரு

பேக்டிராப்ப எங்க வைக்கிறதுங்கிறதுதான் இப்ப பிரச்சனையே. பொண்ணோட தம்பி மலேசியாவுல இருக்கான். போனவன் திரும்பி வர முடியாத நெலம, காரணத்த இங்க எழுத வேணாம், ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தன் அப்படி இருக்கான். அவன் வீடியோ கால்ல பாக்கணும். இங்க ஒம்போதேகால்னா அங்க பத்தேமுக்கால், ஞாயித்துக்கிழமையும் அவனுக்கு வேலைதான், சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சி அரை மணி நேரம் வாங்கியிருந்தான். அதனால போனுக்கு ஒரு ஸ்டாண்டு, ஒரு ரிங் லைட்டு, முகத்துல வெளிச்சம் விழணும்னா மாப்பிள்ளை பொண்ணு வராண்டாவப் பாத்து உக்காரணும், அப்ப பேக்டிராப் அவங்க முதுகுக்குப் பின்னாடி, வீட்டுக்குக் குறுக்க வரணும். குறுக்கக் கட்டுனேன். சுவருக்குச் சுவரு, பன்னெண்டரை அடியும். வீடு ரெண்டாப் போச்சு, வராண்டாவுல இருந்து இருவது அடி கல்யாணம், அதுக்கு அந்தாண்ட முப்பது அடி மிச்சம்.

அந்த மிச்சத்துல ஒரு இரும்புக் கட்டில். அதுல பொண்ணோட அப்பாயி. எண்பத்தஞ்சு வயசுக்கு மேல, இடுப்புல அடிபட்டதுல இருந்து எந்திரிச்சா உக்கார முடியாது, உக்காந்தா எந்திரிக்க முடியாது. முதல்ல கட்டில் முன்னாடி, சுவரோரமாத்தான் இருந்துச்சு. பச்சைப் பெயிண்டு உரிஞ்ச கட்டில், கொசுவலைக்கு நாலு கம்பி, கீழ மருந்து டப்பா, ஒரு பிளாஸ்டிக் பேசின். பிரேமுக்குள்ள அது வருது. நான்தான் சொன்னேன், "அக்கா, கட்டில மட்டும் பின்னாடி நகர்த்திரலாமா, அப்பாயிக்கும் கூட்டத்துல மூச்சு முட்டாது"ன்னு. ரெண்டாவதாச் சொன்ன காரணம் பொய்யி. அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும் பொய்யின்னு. அப்பாயி ஒண்ணும் சொல்லல. நாலு பேரு கட்டிலோட சேத்துத் தூக்கும்போது ராட்டினத்துல போற மாதிரி சிரிச்சுக்கிட்டே போச்சு.

காலைல எல்லாம் சரியாத்தான் போச்சு. ஐயரு மந்திரத்தச் சுருக்கமா, அர்த்தத்தப் பர்மாவுலயும் சேத்துச் சொன்னாரு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே கேட்டாங்க. தாலி கட்டி முடிச்சு ரெண்டு நிமிஷம் இருக்காது, கரண்டு போச்சு. அது போகும்னு தெரியும், சரவிளக்கெல்லாம் பேட்டரியில, ரிங் லைட்டு பவர் பேங்குல. நான் பெருமையா நிக்கிறேன், ஒரு விளக்கும் அணையலன்னு. ஆனா கரண்டு போன கொஞ்ச நேரத்துல நெட்டு இழுக்க ஆரம்பிச்சுச்சு, தம்பி மூஞ்சி வாயத் திறந்தபடியே அப்படியே நின்னு போச்சு, அப்புறம் கட்டாயிருச்சு.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. ரூமுல இருக்கிற யாரும் பேக்டிராப்பப் பாக்கல. யாரு பாப்பா? பொண்ணு மாப்பிள்ளைக்கு அது முதுகுக்குப் பின்னாடி. முன்னாடி உக்காந்திருந்தது பதினஞ்சு இருவது பேரு, அவங்க பாக்குறது பொண்ணு மூஞ்சிய. மிச்சப் பேரு துணிக்கு அந்தப் பக்கம் அடுப்படியிலயும் கட்டிலச் சுத்தியும் நிக்கிறாங்க. அது அந்தப் போன் ஒண்ணுக்காகக் கட்டுன சுவரு, போன்ல ஆளில்ல.

சரி, நெட்டு வர்ற வரைக்கும் ஆசீர்வாதம் வாங்கிருவோம்னு பொண்ணோட அம்மா சொல்ல, பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோட துணிய ஒதுக்கிக்கிட்டுப் பின்னாடி போயி அப்பாயி கால்ல விழுந்தாங்க. கூட்டம் பூராவும் பின்னாடியே போச்சு. நானும் போனேன், துணி கிழிஞ்சிருமோன்னு. என்னோட பேக்டிராப்பப் பின்பக்கமா, எல்லார்கூடவும் சேந்து அன்னிக்குத்தான் நின்னு பாத்தேன். குறுக்குமறுக்கா மூங்கிலு, டேப்பு, கம்பி, வயரு, பேட்டரி டப்பா, வெட்டிப் போட்ட ஜிப் டை. நடுவுல பதினோரு குடையோட உள்பக்கம். உங்க வீட்டுல பத்தீன் குடை இருந்தா இப்பவே விரிச்சு உள்ள பாருங்க, கம்பியும் கம்பியும் சேர்ற எடத்துல கலர் கலரா நூலு கோத்திருப்பான், வெளிய இருக்கிற பூவ விட அதுதான் வேலை.

அப்பாயி பிள்ளைங்களுக்குத் துன்னூறு பூசிவிட்டுட்டு என்னைப் பாத்துச்சு. "ஏத்தா, இந்தக் கட்டு யாரு கட்டுனது?" என்கூட வேலை செய்யிற பையனக் காட்டினேன். ஓரத்துல ரெண்டு மூங்கில மட்டும் அவன் டேப்பு போடாம ஈர மூங்கில் பட்டையால இறுக்கியிருந்தான், பர்மாக்காரங்க அதை ஹ்னீம்பாங்க, காயக் காய இன்னும் இறுகும். அப்பாயி வீட்டுக்காரரு அந்தக் காலத்துல கோவில் தீமிதிக்குப் பந்தல் கட்டுனவராம், எனக்கு அதுவரைக்கும் தெரியாது. "நல்லாக் கட்டியிருக்கான். ரெண்டு சுத்துச் சுத்தி உள்ளாற விட்டு இழுத்திருக்கான் பாரு"ன்னுச்சு. காலைல இருந்து மூணு மணி நேரமா அது பாத்துக்கிட்டு இருந்தது அந்தக் கட்டத்தான். அப்புறம் குடையப் பாத்துட்டு, கிண்டலுகூட இல்ல, நெசமாவே தெரியாமக் கேக்குற மாதிரி, "குடைய முன்னாடி நின்னு பாக்குறதுக்கா வாங்குவாங்க?"ன்னு கேட்டுச்சு.

நான் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க.

அப்பப் பாத்து நெட்டு வந்துச்சு. பொண்ணு போன எடுத்துக்கிட்டு ஓடியாந்தா. தம்பி முதல்ல அக்காவப் பாத்தான், அழுதான், அது வழக்கமா நடக்குறதுதான். அவ போன ஸ்டாண்டுல வைக்கப் போனா, பிரேம் சரியா இருக்கணும்ல. அவன் சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. "அக்கா, அந்தத் துணிய கொஞ்சம் ஒதுக்கு. வீடு தெரியல."

## அதுக்கப்புறம்

இத எங்க சித்தப்பாகிட்ட சொன்னேன். அவரு பெருசா எதுவும் பேசல, "பந்தல்னா நாம உள்ள இருக்கோம், நீ கட்டுறது சினிமாக் கொட்டகைத் திரை"ன்னாரு. சித்தப்பா எதையும் அந்தக் காலந்தான் நல்லதுன்னு முடிக்கிற ஆளு, அதனால அவரு சொல்றதுல பாதியக் கழிச்சுத்தான் எடுத்துக்கணும். தென்னங்கீத்துல பூரான் இருக்கும், பந்தல் ஓட்டையில தண்ணி சொட்டும், நான் சின்னப் புள்ளையில என் கழுத்துக்குள்ளயே ஒரு பூரான் விழுந்திருக்கு. ஆனா கழிச்சது போக மிச்சம் இருக்கிற பாதி சரிதான்னு தோணுச்சு. முன்னூறு பேரு மண்டபத்துல மேடை தூரத்துல இருக்கும், அங்க ஒரு சுவரு வேணும், இல்லேன்னா மனுசன் எங்க பாக்குறதுன்னே தெரியாது. நாப்பது பேரு நிக்கிற வீட்டுல தூரமே கிடையாதே. அங்க முன்பக்கம், பின்பக்கம்னு ஒண்ண உண்டாக்குனதே நான்தான். அப்படி உண்டாக்கினா யாராவது ஒருத்தர் பின்பக்கம் போய்த்தான் ஆகணும், அது பொண்ணோட தோழியாவா இருக்கும், நடக்க முடியாதவங்களாத்தான் இருக்கும்.

அதுல இருந்து வீடு பாக்கப் போனா முதல்ல சேர்ல எல்லாம் உக்காந்து பாக்குறேன். வயசானவங்க உக்கார்ற எடம், சமைக்கிறவங்க எட்டிப் பாக்குற எடம், பிள்ளைங்க தரையில உக்கார்ற எடம். அங்கங்க இருந்து என்ன தெரியுதுன்னு. பெரும்பாலும் சீலிங்குதான் தெரியுது. டவுன் வீட்டுல சீலிங் நல்ல ஒசரம், எல்லாருக்கும் பொதுவா இருக்கிறதும் அது ஒண்ணுதான், அதுல மட்டும் நாம ஒண்ணும் பண்றதில்ல, பழைய சீலிங்குல ஆணி அடிச்சா காரை உதிரும்ங்கிற பயம். ஆணி வேணாம், ரெண்டு சுவரோரமும் மூங்கில நட்டு மேல குறுக்க விட்டா அதுவே நிக்கும், சுவருல ஒரு ஓட்டை விழாது. பூவுக்கு அந்தப் பச்சை நுரைக் கட்டிய நிறுத்திட்டேன், அது பிளாஸ்டிக், குப்பைக்குப் போனாலும் மக்காது. வாழை மரத்த வெட்டுனப்புறம் அடித்தண்டத் துண்டு போட்டு அதுல குச்சியால ஓட்டை குத்திப் பூவச் சொருகுனா அன்னிக்கு முழுக்க வாடாது, தண்டு பூராவும் தண்ணிதான. வாசல்ல கட்டுற வாழைக்காக எப்படியும் மரம் வருது, மிச்சம் இதுக்கு ஆகுது. மல்லி மட்டும் எதுலயும் நிக்காது, அத முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கட்டித்தான் ஆகணும்.

ஆவணியில பகோவுல ஒரு கல்யாணம். ரெண்டு பக்கமும் நம்மாளுங்க, அதனால வாசோ தடை இல்ல. பர்மாக்காரங்க கல்யாணம் இல்லாத காலம்ங்கிறதால வாடகைச் சாமான் எல்லாம் சும்மா கிடக்கு, கேட்ட விலைக்குத் தர்றான், ஆனா மழை பேயாட்டம் ஊத்துது. வீட்டு முத்தத்துல பந்தலே போட்டோம். மேல தார்ப்பாய், அது அசிங்கமா இருக்கும்ல, அதுக்கு அடியில பர்மாக்காரங்க 'தனி'ன்னு சொல்ற நிப்பா பனையோட ஓலை, ஐராவதி டெல்டா பக்கம் வீட்டுக் கூரைக்குப் போடுவாங்களே அது, அதுக்கும் அடியில அந்தப் பதினோரு குடை. மாசிக் கல்யாணப் பொண்ணு வீட்டுல எனக்கே குடுத்துட்டுப் போயிருந்தாங்க. இந்தத் தடவை விரிச்சு, காம்ப மேல கட்டாம, தலைக்கு மேல நேராத் தொங்கவிட்டேன், அண்ணாந்து பாத்தா நூலு தெரியிற மாதிரி. ஓரமா ஒரு கட்டிலும் போடச் சொன்னேன். அந்த வீட்டுல கட்டில்ல படுக்கிற அளவுக்கு வயசானவங்க யாருமே இல்ல, அதுல பசங்க ஏறிக் குதிச்சானுங்க.

எல்லாம் கட்டி முடிச்சப்புறம் பொண்ணோட அம்மா வந்து சுத்திச் சுத்திப் பாத்தாங்க. மூஞ்சில ஒண்ணும் தெரியல. "நல்லாருக்கு தாயி"ன்னாங்க. அப்புறம், "போட்டோ எங்க நின்னு எடுக்குறது?"ன்னு கேட்டாங்க.

எனக்குப் பதில் தெரியல. எங்க வேணும்னாலும் எடுக்கலாம்னு சொன்னேன், அவங்களுக்கு அது பதிலாத் தெரியல. எனக்கே தெரியலயே. பொண்ணு கல்யாணப் போட்டோ சுவருல மாட்டணும், ஊருக்கு அனுப்பணும், பின்னாடி தார்ப்பாயும் மோட்டார் சைக்கிளும் தெரிஞ்சா அந்தம்மாவுக்குத்தான் குறை. ராத்திரியோட ராத்திரியா வேன்ல கிடந்த வெள்ளைத் துணி, நாணல், பழைய வளையம் எல்லாத்தையும் இறக்கி, கேட்டுக்குப் பக்கத்துல, ஒரு கட்டில் சைசுக்கு, சின்னதா ஒரு பேக்டிராப் கட்டிக் குடுத்தோம்.

மறுநாள் தாலி கட்டினப்புறம் மொத்தக் கூட்டமும் அங்கதான் போயி நின்னுச்சு. வரிசை கட்டி நிக்கிறாங்க செல்பி எடுக்க, தூறல்ல நனைஞ்சுக்கிட்டே. பந்தலுக்குக் கீழ இருந்தது நானு, மேளக்காரரு, கட்டில்ல குதிக்கிற பசங்க. பாயாசத்தக் குடிச்சிக்கிட்டே அந்தப் பேக்டிராப்பப் பின்பக்கமாப் பாத்துக்கிட்டு இருந்தேன். டேப்பே போடல பையன், எல்லாம் மூங்கில் பட்டை. ரெண்டு சுத்துச் சுத்தி உள்ளாற விட்டு இழுத்திருந்தான்.